ஒரு நிலநடுக்கம், ஊருக்கொரு பதில்: சிசிலியின் பரோக் கோயில்கள்

இத்தாலியின் சிசிலித் தீவின் தென்கிழக்கில் எந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் கதையைக் கேட்டாலும் பேச்சு 1693இல் போய் நிற்கும். அந்த ஆண்டு ஜனவரி 9ஆம் தேதி இரவு நிலம் ஒருமுறை குலுங்கியது. இரண்டு நாள் கழித்து, 11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அதைவிடப் பல மடங்கு வலுவாக மறுபடி குலுங்கியது. சுமார் 60,000 பேர் இறந்தார்கள். கத்தானியா நகரத்தில் மட்டும் மக்களில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டார்கள். நோத்தோ, ராகுஸா, மோதிகா, ஷிக்லி என்று வரிசையாக ஊர்கள் தரைமட்டமாயின. கடலும் பொங்கி வந்து கரையோர ஊர்களை அடித்தது.

இன்றைக்கு அந்தப் பகுதிக்கு வால் தி நோத்தோ என்று பெயர். அங்கே உள்ள எட்டு ஊர்களை யுனெஸ்கோ 2002இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுற்றுலாப் பிரசுரங்கள் எல்லாம் 'பேரழிவிலிருந்து எழுந்த பரோக் நகரங்கள்' என்று எட்டு ஊரையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நிலநடுக்கம் ஒன்றுதான். ஆனால் அதற்கு அப்புறம் எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது, யாருடைய கோயில் பெரியது என்ற கேள்விகளுக்கு ஒவ்வோர் ஊரும் தனக்கே உரிய பதிலைச் சொன்னது. அந்தப் பதில்கள் கல்லில் இருக்கின்றன. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலே படிக்க முடியும்.

பரோக் என்பது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் வேர்விட்ட பாணி. நேர்க்கோட்டை வளைப்பது, சுவரை முன்னே பிதுங்கவும் பின்னே குழியவும் விடுவது, பார்க்கிறவரை அசத்துவது, இவைதான் அதன் குணம். சிசிலி அப்போது ஸ்பெயின் அரசரின் ஆட்சியில் இருந்தது. அவருடைய அரசப் பிரதிநிதி உசேதா பிரபு, ஜுசேப்பே லான்ஸா என்ற கமாஸ்த்ரா பிரபுவை மறுகட்டுமானத்துக்குப் பொறுப்பாக அனுப்பிவைத்தார். கமாஸ்த்ராவுக்கு அகலமான நேர்த்தெருக்கள் மீது பிடிப்பு. காரணம் எளிது. குறுகிய சந்துகளில் வீடுகள் இரண்டு பக்கமும் சரிந்தால் ஓட வழியில்லை. அகலத் தெருவும் திறந்த சதுக்கமும் இருந்தால் அடுத்த முறை கொஞ்சம் பேராவது பிழைப்பார்கள். இந்த ஊர்களில் கோயில் முன்னால் விரியும் அழகான சதுக்கங்களை ரசிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நோத்தோ சொன்ன பதில், இடம் மாறுவது. பழைய ஊர் அல்வேரியா மலைமேல் இருந்தது. புது ஊரைச் சில கிலோமீட்டர் தள்ளி, கடலுக்கு அருகே, வேறொரு சரிவில் போட்டார்கள். இதை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்று மக்களில் பலர் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். மூதாதையர் கல்லறையும் பழைய கோயிலின் இடிபாடும் அங்கே இருக்கும்போது வெறும் சரிவில் வந்து குடியிருக்க யாருக்கு மனம் வரும்? கடைசியில் புது ஊரே நிலைத்தது.

அப்படி வெறும் நிலத்தில் தொடங்கியதால் நோத்தோவுக்கு ஒரு வசதி கிடைத்தது. முழு நகரத்தையும் ஒரே காட்சியாகத் திட்டமிட முடிந்தது. கிழக்கு மேற்காக ஓடும் நெடுந்தெரு, அதன் வழியில் மூன்று சதுக்கங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய கோயில். பேராலயம் தெருவின் வடபுறத்தில், அகன்ற படிக்கட்டின் உச்சியில், தெற்குப் பார்த்து நிற்கிறது. தெற்குப் பார்த்த முகப்பு என்பதால் நாள் முழுக்க அதன்மேல் வெயில் இருக்கும். காலையில் வெயில் கிழக்கிலிருந்து வர, நிழல்கள் ஒரு பக்கமாகச் சாயும். பிற்பகலில் அதே தூண்கள் எதிர்ப்பக்கம் நிழல் போடும். நான் அந்தப் படிகளில் காலை ஒருமுறையும் சாயங்காலம் ஒருமுறையும் உட்கார்ந்து பார்த்தேன். ஒரே முகப்பு, இரண்டு கட்டடம்.

நோத்தோவின் கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் அது. இளமஞ்சள் நிறம், சாயங்கால வெயிலில் பொன்னிறம். மிருதுவானது. உளிக்கு எளிதில் இணங்கும். அதனால்தான் அங்கே சிற்பிகள் அவ்வளவு துணிச்சலாகச் செதுக்கியிருக்கிறார்கள். அதே காரணத்தால் மழையும் காற்றும் அதை எளிதில் அரித்துவிடும். நிக்கொலாச்சி மாளிகையின் பால்கனிகளை அண்ணாந்து பார்த்தால் இரண்டும் தெரியும். ஒவ்வொரு பால்கனியையும் கல்லில் செய்த உருவங்கள் தாங்குகின்றன. ஒன்றில் சிங்கங்கள், ஒன்றில் பாயும் குதிரைகள், ஒன்றில் கடற்கன்னிகள், ஒன்றில் குழந்தைத் தேவதூதர்கள். எல்லாம் வாயைத் திறந்து தெருவைப் பார்த்துக் கத்துவதுபோல இருக்கின்றன. சிலவற்றின் மூக்கும் விரல்களும் கரைந்து மழுங்கியிருக்கின்றன. மேலே இரும்புக் கம்பிகள் வயிறு தள்ளினாற்போல முன்னே வளைந்திருப்பது பெண்களின் அகன்ற பாவாடைகளுக்கு இடம்விடத்தான் என்று ஊரில் சொல்வார்கள். மே மாதம் அந்தத் தெரு முழுவதையும் பூவிதழ்களால் கோலம்போல நிரப்பும் விழா நடக்கிறது.

நோத்தோ பேராலயத்தின் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 18ஆம் நூற்றாண்டு அல்ல, 1996. அந்த ஆண்டு மார்ச் 13ஆம் தேதி இரவு, நிலநடுக்கம் எதுவும் இல்லாமல், பேராலயத்தின் குவிமாடமும் நடுக்கூடத்தின் கூரையும் தானாகவே இடிந்து விழுந்தன. இரவு நேரம், உள்ளே ஆளில்லை, உயிர்ச்சேதம் இல்லை. ஆராய்ந்து பார்த்தபோது தூண்களின் உள்ளே கோளாறு தெரிந்தது. வெளித்தோல் நல்ல செதுக்குக்கல். உள்ளே கூழாங்கல்லும் பலவீனமான சுண்ணாம்புச் சாந்தும். 1990 டிசம்பரில் வந்த ஒரு நிலநடுக்கம் அந்தத் தூண்களில் விரிசல் விட்டிருந்தது. 20ஆம் நூற்றாண்டில் பழைய மரக்கூரையை எடுத்துவிட்டு மேலே ஏற்றிய கான்கிரீட் பாரமும் சேர்ந்துகொண்டது.

அப்புறம் அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கான்கிரீட் தூண் எழுப்பி மேலே கல் ஒட்டியிருக்கலாம். விரைவாக முடிந்திருக்கும். அதைச் செய்யாமல், பழைய முறையிலேயே, ஆனால் இந்த முறை தூணின் உள்ளும் நல்ல கல்லாகவே வைத்து, அடுக்கி எழுப்பினார்கள். 2007இல் கோயில் மறுபடி திறந்தது. இன்றைக்கு உள்ளே போனால் சுவரெல்லாம் வெள்ளையாக, புத்தம்புதிதாக இருக்கும். 'பழமையே இல்லையே' என்று சிலர் முகம் சுளிப்பதைப் பார்த்தேன். எனக்கு அந்தப் புதுமை முழு மரியாதைக்கு உரியதாகத் தோன்றியது. ஊரே இடிந்தபோது பாட்டன் பூட்டன் செய்ததை, கோயில் இடிந்தபோது பேரர்களும் செய்திருக்கிறார்கள். அதுவும் கூடுதல் கவனத்தோடு.

வெயிலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிசிலியில் அது பயணத்தின் இடைஞ்சல் அல்ல, பார்க்க வேண்டிய பொருளின் ஒரு பகுதி. வடக்கு ஐரோப்பாவின் மங்கிய வெளிச்சத்தில் இந்த அளவு பிதுங்கலும் மடிப்பும் வீண் ஆடம்பரமாகத் தெரியக்கூடும். மத்தியதரைக் கடலின் கூசும் வெயிலில் தட்டையான சுவர் கண்ணுக்கு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். தூணைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னே இழுத்து, விளிம்பை ஆழமாக வெட்டி, முகப்பை வளைத்தால்தான் நிழல் விழும். நிழல் விழுந்தால்தான் வடிவம் தெரியும். அங்கே கொத்தர்கள் கல்லை எவ்வளவு நம்பினார்களோ அவ்வளவு வெயிலையும் நம்பியிருக்கிறார்கள். நடுப்பகலில் பெரும்பாலான கோயில்கள் சாத்தியிருக்கும், நாலு மணி வாக்கில்தான் மறுபடி திறக்கும். அந்த நேரத்தில் வெளியே நடப்பதும் கஷ்டம். நல்ல வெளிச்சமும் திறந்த கதவும் காலையிலும் மாலையிலும்தான் ஒன்றாகக் கிடைக்கும்.

ராகுஸா சொன்ன பதில், பிரிந்துபோவது. நிலநடுக்கத்துக்கு அப்புறம் ஊர் இரண்டுபட்டது. பழைய பிரபுக் குடும்பங்கள் தங்கள் மாளிகைகள் இருந்த கீழ்க்குன்றைவிட்டு நகர மாட்டோம் என்று அங்கேயே கட்டின. புதிதாகப் பணம் பார்த்தவர்கள் பலர் மேலே உள்ள சமநிலத்துக்குப் போய், நேர்த்தெருக்களோடு புது ஊர் போட்டார்கள். கீழே இருப்பது ராகுஸா இப்லா. மேலே இருப்பது மேல் ராகுஸா. இந்தப் பிளவு நிலநடுக்கத்தில் தொடங்கியதல்ல. அதற்கு முன்பே புனித ஜார்ஜியார் கோயிலைச் சேர்ந்த மக்களுக்கும் திருமுழுக்கு யோவான் கோயிலைச் சேர்ந்த மக்களுக்கும் எந்தக் கோயில் முதன்மையானது என்பதில் சண்டை இருந்தது. நம் ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று கிளம்பும் வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு இதில் விளக்கம் எதுவும் தேவைப்படாது. நிலம் பிளந்ததும் யோவான் கட்சியார் தங்கள் கோயிலையே மேலே கொண்டுபோய்க் கட்டினார்கள். இரண்டு ஊர்களும் சட்டப்படி மறுபடி ஒன்றானது 1926இல்தான்.

இந்தப் போட்டியின் விளைவு இப்லாவின் புனித ஜார்ஜியார் கோயில். வரைபடம் போட்டவர் ரொஸாரியோ கல்யார்தி, ஆண்டு 1738. சிரகூசாவில் பிறந்து, மரவேலையில் தொடங்கி, நோத்தோவின் தலைமைக் கட்டடக் கலைஞராக உயர்ந்தவர். தென்கிழக்குச் சிசிலிக்கு ஒரு முகம் கொடுத்தது யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன். இங்கே அவர் செய்த காரியத்தைக் கவனியுங்கள். மணிக்கோபுரம் தனியாக இல்லை. முகப்பின் நடுப்பகுதியே முன்னே பிதுங்கி, தூண்களைக் கொத்துக்கொத்தாகச் சுமந்துகொண்டு, மூன்று அடுக்காக மேலேறி, உச்சியில் மணிக்கூடாகவே மாறிவிடுகிறது. கோயிலின் முகமும் கோபுரமும் ஒன்று. கீழே நின்று பார்க்கும்போது கண் எங்கேயும் தங்காமல் நேராக மேலே போய்விடும்.

இன்னொன்று. சதுக்கம் சரிந்து மேலேறுகிறது, அதன் உச்சியில் கோயில் நிற்கிறது. ஆனால் சதுக்கத்துக்கு நேராக இல்லை. ஒரு பக்கம் திரும்பி, கோணலாக நிற்கிறது. அதனால் சதுக்கத்தின் கீழ்முனையிலிருந்து பார்த்தால் முகப்புக்குப் பின்னால் இருக்கும் நீலக் குவிமாடமும் தெரியும். நேராக வைத்திருந்தால் கோபுரம் அதை மறைத்திருக்கும். குவிமாடம் 1820இல் வந்தது, கல்யார்தி காலத்தது அல்ல. ஆனாலும் அந்தக் கோணம் அதற்காகவே காத்திருந்ததுபோல அமைந்துவிட்டது. படிக்கட்டுக்கு முன்னால் இரும்பு வேலி போட்டிருக்கிறார்கள். பக்கவாட்டு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். நிலநடுக்கத்துக்கு முந்தைய பழைய ஜார்ஜியார் கோயிலில் எஞ்சியது ஒரே ஒரு வாசல். இப்லாவின் பூங்கா அருகே அது தனியாக நிற்கிறது. வளைவுக்குள் ஜார்ஜியார் குதிரைமேல் இருந்து பறவைநாகத்தைக் குத்திக்கொண்டிருக்கிறார். புதுக் கோயிலைப் பார்த்துவிட்டு வருபவர்களில் பாதிப் பேர் அந்த வாசலைப் பார்க்காமலே பேருந்து ஏறிவிடுகிறார்கள்.

மேல் ராகுஸாவின் யோவான் கோயிலையும் பார்த்தேன். அகலமானது, கம்பீரமானது, முன்னால் திறந்த வெளி. ஆனால் இப்லாவின் முன்னே அது தோற்றுவிடுகிறது என்றுதான் சொல்வேன். இரண்டுக்கும் இடையே படியிறங்கும் பாதையில் படிக்கட்டு மாதா கோயில் என்று ஒன்று இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் இப்லா முழுவதும் குன்றின்மேல் கூரை கூரையாக விரிந்து கிடக்கும். அந்தக் கோயிலின் ஒரு பக்கத்தில் நிலநடுக்கத்தில் விழாமல் தப்பிய கோதிக் என்ற பழைய இடைக்காலப் பாணி வளைவுகள் இருப்பதால், புகைப்படம் எடுத்ததோடு நகர்ந்துவிடாமல் உள்ளேயும் போய்ப் பாருங்கள்.

மோதிகா நகரவும் இல்லை, சட்டப்படி பிரியவும் இல்லை. ஆழமான பள்ளத்தாக்கிலேயே மறுபடி கட்டிக்கொண்டது. அங்கேயும் இரண்டு கோயில்கள், புனித ஜார்ஜியார், புனித பேதுரு. ஊரின் தாய்க்கோயில் என்ற பட்டம் யாருக்கு என்று தலைமுறை தலைமுறையாகப் போட்டி. பேதுரு கோயில் கீழே கடைத்தெருவில் இருக்கிறது. அதன் படிக்கட்டின் இரு ஓரத்திலும் பன்னிரண்டு திருத்தூதர்களும் சுரூபமாக நின்று வரவேற்கிறார்கள். ஜார்ஜியார் கோயில் அதற்கெல்லாம் மேலே, 250 படிகளின் உச்சியில். அந்தப் படிக்கட்டு கோயிலுக்குப் போகும் வழி மட்டுமல்ல, கோயிலின் ஒரு பாதி. கீழிருந்து முகப்பின் மேல்பகுதி மட்டும் தெரியும். ஒவ்வொரு திருப்பத்திலும் இன்னும் கொஞ்சம் வெளிப்படும். மூச்சு வாங்கிக்கொண்டு கடைசிப் படியில் ஏறி நிமிரும்போது ஐந்து வாசல்களோடு முழு முகப்பும் கண்முன்னால் நிற்கும்.

ஜார்ஜியார் கோயிலின் தரையில் நேர்க்கோடு ஒன்று பதித்திருக்கிறது. 1895இல் அர்மாந்தோ பெரீனி என்ற கணித அறிஞர் அமைத்த சூரியக் கோடு அது. மேலே ஒரு சிறு துளை. உச்சிப் பொழுதில் அதன் வழியாக வரும் கதிர் சரியாக அந்தக் கோட்டின்மேல் விழும். கோட்டில் எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பார்த்து மாதத்தைச் சொல்லலாம். இத்தாலியில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவதால், அப்போது இது பகல் ஒரு மணியை ஒட்டி நடக்கும், குளிர்காலத்தில் பன்னிரண்டை ஒட்டி. கோயிலை மதியத்துக்கு எப்போது சாத்துகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு காசு அளவு வெளிச்சம் தரையில் மெல்ல ஊர்ந்து வருவதை, அங்கே இருந்த எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

மோதிகாவின் சாக்லேட்டைச் சொல்லாமல் விட்டால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கொக்கோவைக் குறைந்த சூட்டிலேயே வைத்துச் செய்வதால் சர்க்கரை கரைவதில்லை, வாயில் நறநறவென்று இருக்கும். ஸ்பெயின் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த முறை என்பார்கள். 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. எனக்கு இலவங்கப்பட்டை சேர்த்தது பிடித்தது.

ஷிக்லி பக்கத்தில்தான் இருக்கிறது. சின்ன ஊர், அமைதியான ஊர். பெனவெந்தானோ மாளிகையின் மூலைச்சுவரில் கறுப்பின முகங்களைக் கோரமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே உள்ள பெரிய கோயிலில் வெள்ளைக் குதிரைமேல் வாளோடு ஒரு மாதா சுரூபம் இருக்கிறது. குதிரையின் காலடியில் அரபுப் படைவீரர்கள் மிதிபடுகிறார்கள். 1091இல், அரபியரிடமிருந்து சிசிலியைக் கைப்பற்றிய கிறிஸ்தவர்களான நார்மானியர்களுக்கு உதவ மாதாவே போர்க்களத்தில் இறங்கினார் என்பது ஐதீகம். சிசிலியில் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அரபு ஆட்சி இருந்தது. எலுமிச்சை, பாசனக் கால்வாய், பல ஊர்களின் பெயர்கள் என்று அவர்கள் விட்டுச்சென்றது ஏராளம். ஆயுதம் தாங்கிய அந்த மாதாவின் முன்னால் என்னால் கைகூப்ப முடியவில்லை. பரோக் கலைஞர்களின் திறமையை மனதார மெச்சுகிற நான் இதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கலை சில இடங்களில் வெற்றி முழக்கமாகவும் இருந்திருக்கிறது.

சிரகூசாவில் கேள்வியே வேறு. அங்கே கோயில் முழுதாக விழவில்லை. முகப்பு மட்டும் விழுந்தது. விழாமல் நின்றது எது என்று பார்த்தால் அது ஒரு கிரேக்கக் கோயில். பொதுக்காலத்துக்கு முன் 480 வாக்கில், ஹிமெரா போரில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் அரசை வென்ற கெலோன் என்ற ஆட்சியாளர் அத்தீனா தேவிக்குக் கட்டிய ஆலயம். ஏழாம் நூற்றாண்டில் அதைக் கிறிஸ்தவப் பேராலயமாக மாற்றினார்கள். வெளித்தூண்களுக்கு இடையில் சுவர் எழுப்பி அடைத்தார்கள். உள்ளே இருந்த கருவறைச் சுவரில் வளைவுகள் வெட்டித் திறந்து, நடுக்கூடமாக்கினார்கள். கிழக்கே இருந்த வாசலை மேற்கே மாற்றினார்கள். பிறகு அரபியர் அதைப் பள்ளிவாசலாக்கினார்கள். நார்மானியர் வந்து மறுபடி தேவாலயமாக்கினார்கள். 1693இல் நார்மானிய முகப்பு சரிந்தது. அந்த இடத்தில் அந்திரேயா பல்மா என்பவர் வடிவமைத்த பரோக் முகப்பை 1728க்கும் 1753க்கும் இடையில் எழுப்பினார்கள்.

பேராலயத்தின் வடபுறத் தெருவில் நடந்தால் சுவருக்குள் பாதி புதைந்த, தோரியம் என்ற பழைய கிரேக்கப் பாணித் தூண்கள் பருத்து வெளியே தெரியும். உள்ளேயும் அதே தூண்கள். கையை வைத்துப் பார்த்தேன், வரிவரியாகக் குழிவிட்ட அதே பழைய செதுக்கல். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக ஏதோ ஒரு வழிபாடு அந்தத் தூண்களுக்கு நடுவே நடந்துகொண்டிருக்கிறது. பல்மாவின் முகப்பை இந்தப் பின்னணியோடு பார்த்தால்தான் அதன் துணிவு புரியும். பின்னால் அசைக்க முடியாத கிரேக்கத் தூண்கள் நிற்கும்போது, முன்னால் அவர் தூண்களை இரட்டையாக்கி, விளிம்புகளை உடைத்து, நிழல்களை ஆடவிட்டிருக்கிறார். பழையதைப்போலச் செய்து பார்க்கவே இல்லை. மேற்குப் பார்த்த முகப்பு என்பதால் மாலைதான் அதன் நேரம். வெள்ளைக் கல் பாவிய சதுக்கம் முழுவதும் வெளிச்சம் தெறித்து, நிழல்பக்கச் சுவர்களில்கூடப் பிரதிபலிக்கும். ஊரின் காவல் புனிதை லூசியாவுக்கு டிசம்பர் 13ஆம் தேதி திருவிழா. வெள்ளிச் சுரூபத்தை இங்கிருந்துதான் தோளில் சுமந்து கிளம்புகிறார்கள்.

கத்தானியா பழைய இடத்திலேயே நின்றது. எத்னா எரிமலையின் அடிவாரத்தில் இருக்கும் அந்த ஊருக்கு 1693க்கு முன்பே 1669இல் பெரிய எரிமலைக் குழம்பு வந்து மேற்கு மதில்களைச் சூழ்ந்திருந்தது. இருபத்து நாலு வருடத்தில் இரண்டு அடி. ஆனாலும் அவர்கள் போகவில்லை. ஊரைப் புதைக்க வந்த அதே எரிமலைக் கல்லை வெட்டியெடுத்துக் கட்டினார்கள். அதனால் கத்தானியாவின் பரோக் கறுப்பு. கறுத்த எரிமலைக் கல் சுவர், அதில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் சட்டங்கள். நோத்தோவின் பொன்னிறத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் முதலில் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். போகப்போக அந்தக் கறுப்பு பிடித்துப்போகும்.

பலெர்மோவில் பிறந்து ரோமில் கற்றுவந்த ஜொவான்னி பத்தீஸ்தா வக்கரீனிதான் 1730 முதல் அந்த ஊரின் முகத்தைத் தீர்மானித்தவர். பேராலய முகப்பு அவருடையது. அதில் பழைய ரோமானிய அரங்கத்தின் கருங்கல் தூண்களை எடுத்துப் பொருத்தியிருக்கிறார். எதிரே சதுக்கத்தின் நடுவில் நீரூற்று. அதன்மேல் எரிமலைக் கல்லில் செய்த பழங்கால யானை, அதன் முதுகில் எகிப்தியத் தூபி. யானைதான் ஊரின் சின்னம், லியோத்ரு என்று செல்லமாக அழைக்கிறார்கள். பிப்ரவரி 3 முதல் 5 வரை ஊரின் புனிதை ஆகத்தம்மாளின் திருவிழா நடக்கும். வெள்ளை அங்கி அணிந்த ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடித்து வெள்ளித் தேரை இழுப்பார்கள். அதைப் பார்ப்பதற்காகவே மறுபடி போக ஆசை. மேல்பக்கம் இருக்கும் புனித நிக்கொலா கோயிலையும் தவறவிடாதீர்கள். பிரம்மாண்டமான முகப்பு, ஆனால் முடியவில்லை. ராட்சதத் தூண்கள் பாதியிலேயே மொட்டையாக நிற்கின்றன.

பலெர்மோவுக்கு 1693 நிலநடுக்கக் கதை பொருந்தாது, அது தீவின் மறுமுனை. ஆனால் அங்கே ஜாக்கோமோ செர்ப்போத்தாவைப் பார்க்காமல் வந்தால் சிசிலியின் பரோக்கில் பாதி போய்விடும். 1656 முதல் 1732 வரை வாழ்ந்தவர். அவர் கையாண்டது கல்லையோ பளிங்கையோ அல்ல, வெறும் சுதை. சுண்ணாம்பும் ஜிப்சமும் குழைத்து, மேலே பளிங்குத் தூள் பூசி மெருகேற்றுவார். புனித சீத்தா, புனித லோரென்சோ என்ற சிறு செப மண்டபங்களின் சுவர் முழுவதும் வெள்ளை வெளேரென்று குழந்தைகள் ஏறி விளையாடுகிறார்கள், சண்டைபோடுகிறார்கள், தூங்குகிறார்கள். லோரென்சோ மண்டபத்தின் பீடத்துக்கு மேல் புகழ்பெற்ற இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ வரைந்த கிறிஸ்து பிறப்பு ஓவியம் இருந்தது. 1969 அக்டோபரில் திருடுபோனது இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு நகல் தொங்குகிறது.

பலெர்மோவில் நமக்கு ஒரு தொடர்பும் உண்டு. இலங்கையிலிருந்து போரின் காரணமாகப் புலம்பெயர்ந்த தமிழர்கள் பலர் அங்கே வாழ்கிறார்கள். 1624இல் கொள்ளைநோய் வந்தபோது ஊரைக் காப்பாற்றியதாக நம்பப்படும் புனித ரொஸாலியா மீது அவர்களுக்குப் பெரும் பற்று. பெல்லெக்ரினோ மலைமேல் ரொஸாலியாவின் குகைக்கோயில் இருக்கிறது. வெளியே 17ஆம் நூற்றாண்டு முகப்பு, உள்ளே பாறை. கூரையிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்கத் தகர ஓடைகள். பீடத்துக்கு அடியில் பொன்னாடை போர்த்திய புனிதை சாய்ந்து கிடக்கிறார். அங்கே மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மா நான் தமிழில் பேசியதைக் கேட்டுத் திரும்பினார்.

"தம்பி இந்தியாவோ?"

"ஆமாம்மா. நீங்க?"

"யாழ்ப்பாணம். நான் சைவம்தான் தம்பி. ஆனால் இந்த அம்மாவிட்ட வராமல் இருக்கேலாது. இஞ்ச வந்த நாளில இருந்து இவாதான் எங்களைப் பாத்துக்கொண்டிருக்கிறா."

மாதாவின் வாளை நினைத்துக்கொண்டு ஷிக்லியிலிருந்து கிளம்பிய எனக்கு அந்தப் பேச்சு பெரிய ஆறுதல்.

போக விரும்புகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் இறுதி, அக்டோபர் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் வெயில் தாங்காது. சிரகூசாவில் தங்கிக்கொண்டு நோத்தோவுக்கு ரயிலிலோ பேருந்திலோ எளிதாகப் போய்வரலாம். ராகுஸா, மோதிகா, ஷிக்லி மூன்றுக்கும் மோதிகாவில் தங்குவது வசதி. ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்துகள் குறைவு, அதைப் பார்த்துத் திட்டமிடுங்கள். நல்ல பிடிப்புள்ள செருப்பு வேண்டும், படிகள் எல்லாம் வழவழவென்று தேய்ந்திருக்கும். திருப்பலி நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், ஆனால் பின்னால் உட்கார்ந்து கலந்துகொள்ள யாரும் தடை சொல்வதில்லை. மணியோசையும் பாட்டும் சேர்ந்து அந்த வளைந்த கூரைக்குள் சுழல்வதைக் கேட்க அதுதான் நல்ல வழி. எல்லா ஊருக்கும் நேரம் இல்லை, ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால் நான் தயங்காமல் ராகுஸா இப்லாவைச் சொல்வேன். ஓர் இரவு அங்கேயே தங்குங்கள். பகல்நேரக் கூட்டம் மேலூருக்குத் திரும்பியபிறகு சதுக்கத்தின் கீழ்முனையில் நின்று, கோணலாக நிற்கும் அந்தக் கோயிலை நிதானமாகப் பாருங்கள்.